தினம் தினம் கிருத்திகை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் என்னிடம் பொய் சொன்னார். அதுவும் கோயிலில் — முருகன் சந்நிதிக்கு எதிரே, நெற்றி நிறைய விபூதியோடு.

பெரிய பொய் இல்லை. "இன்னிக்குக் கிருத்திகை சாமி... தண்ணி கூட வாயில வெக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குக் கிருத்திகை இல்லை. நாலு நாள் முன்னால்தான் வந்து போயிருந்தது. நான் மூன்றாவது பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் கிருத்திகை விஷயத்தில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை வருகிற விருந்தாளி. வந்து போன நாலாம் நாளே திரும்பவும் வருவாரா?

இந்தப் பெரியவரை உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தப் பேப்பரில் இதே பக்கத்தில் நான்தான் அறிமுகப்படுத்தி வைத்தேன். அப்போது பெயர் போடவில்லை. இப்போது போடுகிற பெயர்களும் நிஜப் பெயர்கள் இல்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை — இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான். எழுபத்திரண்டு வயசு. மனைவி இல்லை. ஒரே பிள்ளை பலராமன், பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் பெண்சாதி தவறி இரண்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. அப்பனும் பிள்ளையுமாக எட்டுக் குடித்தனம் உள்ள ஒரு வாடகைக் கட்டிடத்தில் — ஸ்டோர் என்போம் — ஒற்றை அறையில் வாசம்.

வாரத்தில் ஐந்து நாள் விரதம் இருக்கிற மகான் என்று அவரைப் பற்றி எழுதினேன். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு... நடுவில் சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி. சொட்டுத் தண்ணீர் கிடையாது! 'இந்த வயதில் இது நம்மால் ஆகுமா?' என்று உங்களைக் கேட்டேன். காலையில் காபி ஐந்து நிமிஷம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற இளைஞர்களுக்கு நாலு வரி குத்தலாக எழுதினேன். சாயங்காலம் அவரைக் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வருகிற பிள்ளையையும் புகழ்ந்து வைத்தேன்.

நீங்களும் லெட்டர் போட்டீர்கள். அந்தப் பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், விலாசம் கொடுங்கள் என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது... ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

குருக்கள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நெய் மினுமினுக்கிறது. முந்திரி இரண்டு மேலே உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதை மேஸ்திரியிடம் நீட்டினேன். அவர் கண் தொன்னை மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக நிமிர்ந்து — என்னைப் பார்க்கவில்லை — பக்கத்தில் நின்ற பலராமனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கிருத்திகை வந்தது.

உதடு வெடித்து ஓரமெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. நாக்கை நீட்டி அதை ஈரப்படுத்தப் பார்த்தார். நாக்கிலேயே ஈரம் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பாவம், வயசாயிடுச்சு. நாள் கிழமை தப்பிப் போகுது அவருக்கு."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "வயசானவங்களுக்குக் காலையில துண்ணது மறந்து பூடும். கிருத்திகை மறக்குமா?"



மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அந்த ஸ்டோர் வாசலுக்குப் போனேன். அங்கே அந்தோணியம்மாள் ஆப்பம் சுட்டு விற்பாள். மேஸ்திரிக்கு அடுத்த அறை அவளுடையது. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். ராயபுரத்தில் அவளுக்குத் தெரியாத சங்கதி நடந்ததில்லை. அவள் குரலுக்கு எட்டாத வீடும் இல்லை.

"இன்னா பேப்பர் ஐயா, காலங்காத்தால நம்ம கடைக்கு? வூட்ல அம்மா அடுப்பு மூட்டலியா? இல்ல சண்டையா?"

"ரெண்டு ஆப்பம் குடும்மா. மேஸ்திரி எப்படி இருக்காரு?"

"விரதத்துல கீறாரு."

"இன்னிக்கும் விரதமா?"

"என்னிக்குத்தான் இல்ல?" ஆப்பச்சட்டியை ஒரு சுழற்று சுழற்றி மூடினாள். "மின்ன எல்லாம் நான் தெனம் ரெண்டு ஆப்பம் குடுப்பேன். பலராமன் வேலைக்குப் போனப்பறம், ஜன்னல் வழியா. வேணாம், விரதம்னுவாரு. 'அட துண்ணு மேஸ்திரி, ஒன் சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்'னு மெரட்டுவேன். கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கினு அப்பால வாங்கிப்பாரு. அத்தோட ஒரு சொம்புத் தண்ணி."

"இப்ப?"

"இப்பத்தான் நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்களே! நம்ம தேசிங்கு சத்தமாப் படிச்சான், ஸ்டோரே ஒக்காந்து கேட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு ஐயா. அடப்பாவமே, நெஜமாவே பெரிய பக்தரு போலகீது, நாமதான் ஆப்பத்தைக் காட்டி அவரு விரதத்தக் கெடுத்துக்கினு இருந்தோம்னு. அன்னையிலேர்ந்து குடுக்கறதில்ல. வேற சாமி விசயம்... நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

கையிலிருந்த ஆப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டேன்.

பேப்பரில் வருவதை யார் கவனிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஒரு ஆப்பக்காரி கவனித்திருக்கிறாள். கவனித்து, ஒரு கிழவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆப்பத்தையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் பயபக்தியோடு நிறுத்தியிருக்கிறாள். என்னை நம்பி!

அவள் விடவில்லை. "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. எங்க தவக்காலத்துக்கு நாப்பது நாளுன்னு கணக்கு கீது. அது முடிஞ்சா பண்டிகை. கறி, சோறு, புதுத்துணி எல்லாம் உண்டு. ஒங்களுது முடியவே முடியாதா? ஒங்க பஞ்சாங்கத்துல பண்டிகையே கெடையாதா?"

இத்தனை வருஷமாகப் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புரட்டுகிறவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி இருக்கிறது. எந்த விரதத்துக்கும் முடிவில் பாரணை இருக்கிறது — குளித்து, கும்பிட்டு, இலை போட்டு, வயிறாரச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிக்க வேண்டும். மேஸ்திரி விரதம் இருப்பதை ஊரே பார்த்தது. அவர் பாரணை பண்ணியதை யாராவது பார்த்தார்களா? நான் பார்த்தேனா?

பாரணை இல்லாத விரதத்துக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. பட்டினி.

வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னதும் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கெளம்புங்க."

"இரு, யோசிப்போம். அடுத்தவங்க குடும்ப விஷயம்..."

"பேப்பர்ல எழுதறப்ப மட்டும் அடுத்தவங்க குடும்பம் இல்லியா?"

நியாயம்தானே? பலராமன் இல்லாத பகல் வேளையில் போகலாமா என்று கேட்டேன். ஒளிந்து போனால் திருட்டுத்தனம், பிள்ளை இருக்கும்போதே போவோம் என்றாள். அன்று சாயங்காலம் அவன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பியிருப்பான் என்கிற நேரத்துக்குக் கிளம்பினோம். இடுப்பில் ஒரு காலிக் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். குடம் எதற்கு என்றேன். "வாங்க" என்றாள்.

சின்ன அறை. சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் பாய், அதில் மேஸ்திரி. சுவரில் முருகன் படம். அதற்குக் கீழே, பசை போட்டு ஒட்டி... நான் எழுதிய பக்கம்.

"வாங்க சார், வாங்கம்மா" என்றான் பலராமன். மரியாதையான பையன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவன் எங்களுக்குப் பாய் எடுக்க அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தபோது மேஸ்திரி நீட்டியிருந்த காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முட்டியைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

நான் அதைத்தான் பார்த்தேன். என் மனைவி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை. அதன் மேல் தண்ணீர்ப் பானை.

"பானை ஏன் தம்பி அவ்ளோ ஒசரத்துல கீது?"

"எலிம்மா. எலித் தொல்லை."

"எலி தண்ணியா குடிக்குது?"

பலராமன் குனிந்து பாயை விரித்தான். அவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள். "எங்க தெருக் குழாயில ரெண்டு நாளாத் தண்ணி வரல தம்பி. ஒங்க கொழாயில ஒரு கொடம் புடிச்சாந்து குடுக்கறியா? அங்க கூட்டமா கீது, என்னால நிக்க முடியல."

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பேஷாக வந்துகொண்டிருந்தது! முருகன் படத்துக்கு எதிரே எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு பொய் சொல்லிவிட்டோம். அவன் குடத்தை வாங்கிக்கொண்டு போனான்.

மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தேன். "சாப்பிட்டீங்களா மேஸ்திரி?"

"இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். எந்த நாளைச் சொல்வது என்று தேடினார். கிடைக்கவில்லை. "என் புள்ள தங்கம் சாமி" என்றார்.

இதற்குள் மனைவி அங்கே கிடந்த ஒரு பெட்டியின் மேல் ஏறி அந்தப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து ஒரே மூச்சில்... தண்ணீர் குடிப்பதை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு சொம்பு கொடுத்தாள். அதுவும் போயிற்று.

அப்புறம்தான் அவர் முகத்தில் பயம் வந்தது. "குடிச்சிட்டனே சாமி! இப்ப போவணுமே... அவன் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடணும். கொஞ்சம் புடிச்சிக்கோ சாமி, கால் நிக்கல."

எட்டுக் குடித்தனத்துக்கும் கொல்லையில் ஒரே கக்கூஸ். ஏறிப் போக மூன்று படி. ஒரு படியில் கல் பெயர்ந்து ஆடுகிறது. வாசலில் நாலு பேர் சொம்போடு நிற்கிறார்கள். நாங்கள் வருவதைப் பார்த்ததும் தேசிங்கு — அதே ஸ்டோரில் இருக்கிறவன், ஹார்பரில் தச்சு வேலை, அவனுக்கு எப்போதும் நைட் ஷிப்ட் — கைதட்டிச் சொன்னான்: "பெருசு வந்துட்டாருடா! போச்சு, இனிமே நமக்கெல்லாம் நாளைக்குத்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் என் தோளைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது எனக்கல்லவா தெரிந்தது?

திரும்பி வந்தபோது பலராமன் குடத்தோடு வாசலில் நின்றான். அப்பனுடைய ஈர வேட்டியைப் பார்த்தான். காலிச் சொம்பைப் பார்த்தான்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

அவன் குரலில் அதுவரை இருந்த 'சார்' போய்விட்டது. என் மனைவி பலகையைக் காட்டினாள். "எலி மேல கூடத்தான் ஏறும் தம்பி. உண்மையச் சொல்லு."

அவன் குடத்தை இறக்கி வைத்தான். பிறகு மடை திறந்துகொண்டது.

"நாலு மணிக்கு எந்திரிக்கறேம்மா நான்! கஞ்சி காய்ச்சி, இவரு துணியெல்லாம் அலசிப் போட்டுட்டு வண்டியப் புடிக்கணும். சாயங்காலம் வந்தா திரும்பவும் எல்லாம் நாசமா கீது. ஸ்டோர்ல கீறவன்லாம் மூக்கப் புடிச்சிக்கினு வந்து கத்தறான். இப்பிடியே போனா ரூமைக் காலி பண்ணிடுன்னு வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது? துண்ணாத்தானே போவணும்? குடிச்சாத்தானே நனைக்கணும்? காலையில ஒரு டம்ளர் கஞ்சி, ராவுல ஒரு புடி சோறு. கொறைச்சேன். அடிச்சனா? ஒரு அடி அடிச்சிருப்பனா? கேளுங்க நைனாவ!"

அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அடிக்கவில்லை. அடித்திருந்தால் காயம் தெரிந்திருக்கும், ஊர் கேட்டிருக்கும். தாகத்துக்குக் காயம் இல்லையே!

"கஷ்டம் ஒன்னுதுதான் தம்பி, இல்லேன்னு யாரு சொன்னா?" என்றாள் என் மனைவி. "அதுக்கு அவரு தொண்டைய ஏன் பூட்டுன?"

 அவன் சுவரில் ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டினான். "எல்லாரும் பக்தர்னு கும்புட்டாங்க. நான் போயி இல்லேன்னு சொல்றதா? சார்தானே எழுதுனாரு..."

 தலையைக் குனிந்துகொண்டேன்.

பாயிலிருந்து மேஸ்திரிதான் பேசினார். "அவனத் திட்டாதீங்க. மொத மொதல்ல விரதம்னு சொன்னது நான்தான் சாமி. ஏன் துண்ணலன்னு அந்தோணியம்மா கேட்டுது. புள்ள பேரு கெடக் கூடாதேன்னு வாயில வந்ததச் சொன்னேன். அப்பால அதுலேர்ந்து எறங்க முடியல."

எண்ணூரில் அவருடைய தங்கை மகள் இருக்கிறாள். அங்கே போய் இருக்கிறீர்களா, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அல்லது வேறு என்ன வேண்டும், வாய் திறந்து கேளுங்கள் மேஸ்திரி என்றேன். கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கினவர். ஒரு சத்தம் போட்டால் ஐம்பது பேர் ஓடி வருவார்களாம் அந்தக் காலத்தில். அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"எங்கியும் போவல சாமி. பானை மட்டும் கீழ இருக்கட்டும்."

பலராமன் பெட்டி மேல் ஏறினான். பானையை இரண்டு கையாலும் இறக்கி, அப்பனுடைய பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். சொம்பை அதன் மேல் கவிழ்த்தான். அப்புறம் அந்த மூலையிலேயே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அழுகிறவனைப் பார்த்தால் என் மனசு இளகிவிடும். என் மனைவிக்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது. "தெனம் ரெண்டு வேள அந்தோணியம்மா வந்து பாக்கும். நானும் வருவேன். பானை மேல ஏறிச்சுன்னு வெச்சுக்கோ... இவரு திரும்பவும் எழுதுவாரு. இந்தத் தபா பேரப் போட்டு எழுதுவாரு. அதுக்கும் நீ அடங்கலேன்னா போலீஸ் டேசன் ஒண்ணும் தூரத்துல இல்ல."

இனிமேல் ஆக வேண்டியது ஒன்று இருந்தது. மேஸ்திரி ஏறி நின்ற இடத்திலிருந்து அவரை இறக்க வேண்டும். ஊரே கும்பிட்ட விரதத்தை ஒருநாள் திடீரென்று விட்டால் என்ன சொல்வார்கள்? கேலி பண்ணுவார்கள். அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பிள்ளையை ஊர் பிய்த்துவிடும், பெரியவர் அதைத் தாங்கமாட்டார்.

குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எழுபது தாண்டினவாளுக்கு விரதமே கிடையாது ஓய். சுவாமியே விட்டுக் கொடுத்துடறார். ஒரு பூஜை போட்டு விரத பூர்த்தின்னு முடிச்சுடலாம்" என்றார். அது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த ஸ்டோர் முற்றத்திலேயே வைத்துக்கொண்டோம். எட்டுக் குடித்தனமும் கூடியது. தேசிங்கு காதில் மட்டும் விஷயத்தை முன்பே போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. பழைய மரப்பெட்டியை அறுத்து, நடுவில் வட்டமாகத் துளை போட்டு, கீழே சட்டி வைக்கிற மாதிரி ஒரு நாற்காலி செய்து கொண்டுவந்திருந்தான். "பெருசு, ஒனக்கு மட்டும் தனிக் கக்கூஸ். கவர்னருக்குக் கூட இப்பிடிக் கெடையாது!" என்றான். ஆடுகிற படியையும் பூசிவிட்டான். பகலில் வீட்டில் இருக்கிறவன் அவன்தான். உச்சிப்பொழுதில் ஒரு தரம் வந்து கைகொடுப்பது அவன் பொறுப்பு. சட்டியைச் சுத்தம் பண்ணுவது பலராமன் வேலை. அதை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்று அவனே சொன்னான்.

இலை போட்டார்கள். முதல் பிடி பிள்ளை கையால் பரிமாற வேண்டும் என்று குருக்கள் சொல்லிவிட்டார். பலராமன் பரிமாறினான். பருப்பு இலைக்கு வெளியே கொஞ்சம் விழுந்தது.

மேஸ்திரி சாப்பிடவில்லை. நிமிர்ந்து பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்தி மேலீடு என்று பக்கத்தில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது என்ன பார்வை என்று எங்கள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும்.

"துண்ணு நைனா" என்றான் பலராமன். "வயிறு ரொம்பத் துண்ணு."

அப்புறம்தான் கை இலைக்குப் போயிற்று.

ஊருக்கு உண்மையைச் சொல்லாமல் பூஜை போட்டு மூடியது சரிதானா? எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்றைக்கு இதை எழுதுவது கூட மேஸ்திரியும் பலராமனும் 'எழுதுங்க' என்று சொன்ன பிறகுதான். சிலர் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். அந்த மனிதருக்குத் தண்ணீர் எட்ட வேண்டும், மானமும் மிஞ்ச வேண்டும் என்று பார்த்தேன். என் சிற்றறிவுக்கு எட்டிய வழி அதுதான்.

ஆனால் ஒன்று புரிந்தது. வயசானவர்களுக்கு நடக்கிற கொடுமை எல்லாம் கூச்சலோடு நடப்பதில்லை. நல்ல பெயரைப் போர்த்திக்கொண்டு நடக்கிறது. 'அவர் கொஞ்சமாத்தான் சாப்பிடுவார்', 'அவருக்கு வெளியே வரப் பிடிக்காது', 'அவர் யாரோடும் பேச மாட்டார்' — எவ்வளவு மரியாதையான பேச்சு! நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். அவரைத் தனியாக ஒரு வார்த்தை கேட்டோமா? பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டால் கிருத்திகைதான் வரும். உங்கள் கண்ணை அந்த அறையில் ஒரு சுற்று ஓட்டுங்கள். தண்ணீர் அவர் கைக்கு எட்டுகிறதா? உள்ளே ஒருவர் வரும்போது காலை இழுத்துக்கொள்கிறாரா? பெற்றவரைப் பார்த்துக்கொள்கிறவனையும் கேளுங்கள் — "நீ தூங்கினாயா அப்பா?" என்று. பலராமனை அப்படி யாராவது கேட்டிருந்தால், பானை மேலே ஏறியே இருக்காதோ என்னவோ.

அடுத்தவர் வீட்டில் தலையிடலாமா என்கிறீர்களா? பெண் பார்க்க, ஜாதகம் பார்க்க, வாடகை எவ்வளவு என்று விசாரிக்க எல்லாம் தலையிடுகிறோமே!

நேற்றுக் காலை அந்தப் பக்கம் போனேன். மேஸ்திரி ஆப்பக்கடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. முன்னால் தட்டு. பலராமன் வேலைக்குக் கிளம்பிப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மேஸ்திரி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாய் பிட்டுப் போட்டார். மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னா அந்தோணியம்மா, இது தேங்காப்பாலா, கொழாத் தண்ணியா? நாளைக்கு நல்லாப் புழிஞ்சு ஊத்து. வாயில வெக்க முடியல!"

"பாரேன் பெருசுக்கு வந்த வாய!" என்று கரண்டியை ஓங்கினாள் அவள்.

வயசானவர் சாப்பாட்டுக்குக் குறை சொல்கிற வீட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். குறையே சொல்லாதவர் இருக்கிற வீட்டைத்தான் ஒரு நடை போய் எட்டிப் பார்க்க வேண்டும்!